பப்புக்குள் ஏன் இரண்டே எந்திரங்கள்? மதுக்கடையையும் சூதாட்டத்தையும் பிரித்து வைத்த சட்டங்களின் கதை

நம் குடியிருப்பில் பலருடைய பிள்ளைகள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போனபோது நீங்களும் ஒரு முறை அந்த ஊர் 'பப்' ஒன்றில் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கலாம். ஒரு மூலையில் விளக்கு மின்னிக்கொண்டு இரண்டு காசு போடும் எந்திரங்கள் நிற்கும். பெரும்பாலும் இரண்டுதான். அதே தெருவில் நாலு கடை தள்ளி ஒரு பந்தயக் கடை இருக்கும். அங்கே குதிரைக்கும் கால்பந்துக்கும் பணம் கட்டலாம். ஆனால் ஒரு டம்ளர் பீர் கூடக் கிடைக்காது.

குடிக்கும் இடத்தில் சூதாட்டம் கொஞ்சம்தான், சூதாடும் கடையில் குடி அறவே இல்லை. ஏன் இப்படி? இதற்குப் பின்னால் ஐந்நூறு ஆண்டுச் சட்ட வரலாறு இருக்கிறது. அந்தச் சட்டத்தின் ஒரு கிளை கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. அதனால் இதை நாம் தெரிந்துகொள்வதில் பொருள் உண்டு.

வில்லும் அம்பும் தொடங்கிவைத்த தடை

முதலில் 1495-க்குப் போவோம். ஏழாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஒன்று, வேலைக்காரர்களும் தொழில் பழகும் பையன்களும் கூலியாட்களும் சீட்டு, பகடை போன்றவற்றை ஆடக் கூடாது என்றது. கிறிஸ்துமஸ் காலத்துக்கு மட்டும் விலக்கு. அதே சட்டம், தொல்லை தரும் சாராய விடுதிகளை மூடும் அதிகாரத்தை உள்ளூர் அமைதி நீதிபதிகளுக்குக் கொடுத்தது. ஆக, குடியும் சூதும் தொடக்கத்திலேயே ஒரே காகிதத்தில் இடம்பிடித்துவிட்டன.

அடுத்து 1541. எட்டாம் ஹென்றியின் சட்டம். இதன் நோக்கத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். வில்வித்தையைக் காப்பாற்றுவதுதான் நோக்கம்! நாட்டின் இளைஞர்கள் வில் பழகாமல் பந்து உருட்டியும் சீட்டு ஆடியும் பொழுதைக் கழிக்கிறார்கள், எங்கள் பிழைப்பு போகிறது என்று வில் செய்பவர்களும் அம்பு செய்பவர்களும் முறையிட்டார்கள். போர் வந்தால் வில்லாளிகளுக்கு எங்கே போவது என்பது அரசரின் கவலை. எனவே ஒரு நீண்ட விளையாட்டுப் பட்டியலே 'சட்டவிரோத விளையாட்டு' ஆனது. டென்னிஸும் அதில் இருந்தது.

மதுக்கடை உரிமம் என்று நாம் இன்று சொல்வது பிறந்தது 1552-இல், ஆறாம் எட்வர்ட் காலத்தில். அதுவரை யார் வேண்டுமானாலும் வீட்டுத் திண்ணையில் பீப்பாய் வைத்து விற்கலாம். 1552 சட்டம் வந்த பிறகு, இரண்டு அமைதி நீதிபதிகளின் அனுமதி வேண்டும். அதோடு கடைக்காரர் ஜாமீனும் கொடுக்க வேண்டும். எதற்கு ஜாமீன்? கடையில் ஒழுங்கு காப்பதற்கும், சட்டவிரோத விளையாட்டு நடக்காமல் பார்த்துக்கொள்வதற்கும்.

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். மது உரிமம் பிறந்த நாளிலேயே அதன் நிபந்தனைகளில் சூதாட்டத் தடையும் சேர்ந்து பிறந்துவிட்டது. 'நீ விற்கலாம். ஆனால் உன் கூரைக்குக் கீழே நடப்பதற்கு நீதான் பொறுப்பு' என்பதே அந்த ஒப்பந்தம். ஊர் முழுக்க ஆட்டக்காரர்களைத் துரத்துவதைவிட, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பிடிப்பது சுலபம். உரிமம் போய்விடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருக்கும். அடுத்த நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு இங்கிலாந்துச் சட்டம் இந்த வழியை விடவே இல்லை.

கூலிக்காரனுக்கு ஒரு சட்டம், கனவானுக்கு ஒரு சட்டம்

இந்த வரலாற்றில் நமக்கு உறுத்த வேண்டிய பகுதி ஒன்று உண்டு. 1757-இல் வந்த சட்டத்தை எடுத்துக்கொள்வோம். மதுக்கடைக்காரர் தன் இடத்தில் சீட்டு, பகடை, பில்லியர்ட்ஸ், ஸ்கிட்டில்ஸ் போன்ற ஆட்டங்களை அனுமதித்தால் முதல் முறை 40 ஷில்லிங் அபராதம், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 10 பவுண்டு. ஆனால் யார் ஆடினால் குற்றம்? கூலித் தொழிலாளி, உழைப்பாளி, வேலைக்காரர், தொழில் பழகும் பையன் ஆகியோர் ஆடினால்தான். முதலாளி ஆடினால் இந்தச் சட்டம் கண்டுகொள்ளாது.

அதே காலத்தில் லண்டனின் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் 'ஒயிட்ஸ்', 'புரூக்ஸ்' போன்ற கனவான்களின் கிளப்புகளில் என்ன நடந்தது? விடிய விடியச் சூதாட்டம், தாராளமாக மது. ஒயிட்ஸில் உறுப்பினர்கள் கட்டிய பந்தயங்களை எழுதிவைக்கத் தனிப் புத்தகமே இருந்தது. புகழ்பெற்ற நாடாளுமன்றப் பேச்சாளர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் சூதாட்ட மேசைகளில் ஒரு பெரும் சொத்தையே இழந்தவர். அவரை எந்த அமைதி நீதிபதியும் தொடவில்லை. கிளப் என்பது பொது இடம் அல்ல, அது உறுப்பினர்களின் வீடு போன்றது என்பது வாதம்.

இந்த இரட்டை அளவுகோலுக்கு ஒரு நியாயமும் சொன்னார்கள். கூலிக்காரன் சூதில் தோற்றால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது; பிறகு அந்தக் குடும்பத்தை ஊர்தான் காப்பாற்ற வேண்டும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அன்றைக்குப் பல தொழில்களில் வாரக் கூலியையே மதுக்கடையில் வைத்துத்தான் கொடுப்பார்கள். கங்காணி வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது குடிக்க வேண்டும். கூலி கைக்கு வந்த உடனே பக்கத்து மேசையில் ஆட்டம். வீட்டில் மனைவி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். இதை நிறுத்த, 1842-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மதுக்கடையில் கூலி கொடுப்பதைத் தடை செய்தது. 1883-இல் இந்தத் தடை மற்ற உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும் விரிந்தது. என்னைக் கேட்டால், மதுக்கடைச் சூதைக் கட்டுப்படுத்திய சட்டங்களிலேயே குடும்பங்களுக்கு அதிகம் உதவியது, சூது என்ற சொல்லே தலைப்பில் இல்லாத இந்தக் கூலிச் சட்டமாகத்தான் இருக்கும்.

திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா?

1844-இல் இங்கிலாந்தின் பெரிய குதிரைப் பந்தயமான டெர்பியில் ஒரு மோசடி நடந்தது. மூன்று வயதுக் குதிரைகளுக்கான பந்தயத்தில் 'ரன்னிங் ரெயின்' என்ற பெயரில் நான்கு வயதுக் குதிரையை ஓடவிட்டு முதலிடம் வாங்கினார்கள். விஷயம் நீதிமன்றம் வரை போனது. சூதாட்டம் பற்றி நாடாளுமன்றக் குழுக்கள் விசாரித்துக்கொண்டிருந்த ஆண்டும் அதுதான்.

மறு ஆண்டு, 1845-இல், புதிய சூதாட்டச் சட்டம் வந்தது. அது மூன்று வேலைகளைச் செய்தது. முதலாவது, வில்வித்தைக்காகத் தடை செய்யப்பட்டிருந்த திறமை விளையாட்டுகளை விடுவித்தது. அதாவது, திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் இடையே ஒரு கோடு போட்டது. இரண்டாவது, பந்தயத்தில் வென்ற பணத்தை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது என்றது. மூன்றாவது, நேரக் கட்டுப்பாடு. பில்லியர்ட்ஸ் உரிமம் பெற்ற இடங்களில் இரவு 1 மணி முதல் காலை 8 மணி வரை ஆட்டம் கூடாது. மதுக்கடையில் பில்லியர்ட்ஸ் மேசை இருந்தால், மது விற்கக் கூடாத நேரத்தில் ஆட்டமும் கூடாது. இந்த நேரக் கட்டுப்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இது மறுபடி வரும்.

கடைக்காரர் தூங்கிவிட்டால் யார் பொறுப்பு?

1872-ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின் 17-வது பிரிவு விஷயத்தைக் கறாராகச் சொன்னது. உரிமம் பெற்றவர் தன் இடத்தில் சூதாட்டம் நடக்க 'இடம்கொடுத்தால்' முதல் முறை 10 பவுண்டு வரை, பிறகு 20 பவுண்டு வரை அபராதம். 1757-ஐப் போல, ஆடுகிறவர் கூலிக்காரரா கனவானா என்ற கேள்வி இங்கே இல்லை.

'இடம்கொடுத்தால்' என்றால் என்ன பொருள்? இதை வைத்து நடந்த வழக்குகள் சுவையானவை. 1876-இல் ஒரு ஓட்டல் உரிமையாளர் அம்மாள் இரவு படுக்கப் போய்விட்டார். வாசல் காவலரிடம் இடத்தை ஒப்படைத்திருந்தார். விருந்தினர்கள் சீட்டில் பணம் வைத்து ஆடினார்கள். காவலர் கண்டும் காணாமல் இருந்துவிட்டார். 'நான் தூங்கிக்கொண்டிருந்தேன், எனக்கு எப்படித் தெரியும்?' என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பொறுப்பை யாரிடம் கொடுத்தீர்களோ அவர் கண்ணை மூடிக்கொண்டால் நீங்கள் மூடிக்கொண்டதாகத்தான் அர்த்தம் என்றது. 1884-இல் வேறொரு வழக்கில், விஷயம் தெரிந்தது இடத்தின் பொறுப்பில் இல்லாத ஒரு சாதாரண வேலையாளுக்கு மட்டும்தான். அங்கே உரிமையாளர் தப்பித்தார். நம் சங்கத்தில் செயலாளராகவோ பொருளாளராகவோ இருந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டின் அருமை நன்றாகவே புரியும்.

இன்னொரு வழக்கு 1878-இல். 'பஃப் அண்ட் டார்ட்' என்று ஓர் ஆட்டம். குழாய் வழியாகச் சிறு அம்பை ஊதி இலக்கில் அடிக்க வேண்டும். திறமை ஆட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆடியவர்கள் ஆளுக்குச் சில காசு நுழைவுப் பணம் போட்டார்கள். வென்றவருக்குப் பரிசு ஒரு முயல். இதுவும் மதுக்கடைச் சூதாட்டமே என்று தீர்ப்பானது! ஆட்டம் திறமையைச் சேர்ந்ததாக இருந்தாலும், ஆடுகிறவர்கள் பணத்தைப் போட்டு அதை வைத்து ஆடினால் மதுக்கடைக்குள் அது கூடாது. ஒரு முயலுக்காக உயர் நீதிமன்றம் வரை போனார்களே என்று தோன்றலாம். ஆனால் உரிமம் வைத்திருப்பவருக்கு முயல் சின்ன விஷயம், உரிமம் பெரிய விஷயம்.

கதவைக் கொஞ்சம் திறந்த 1960

தடை இருந்ததால் சூது நின்றுவிட்டதா என்றால், இல்லை. 1853-இல் பந்தயக் கடைகளை மூடினார்கள். பந்தயம் தெருவுக்கு வந்தது. 1906-இல் தெருப் பந்தயத்தைத் தடை செய்தார்கள். பந்தயக்காரரின் ஆட்கள் பப் மூலையிலும் பட்டறை வாசலிலும் சீட்டு வாங்கினார்கள். அப்போதும் வசதியுள்ளவர் தொலைபேசியில் கடன் கணக்கு வைத்துப் பந்தயம் கட்டினால் அது சட்டப்படி சரி. கையில் காசு வைத்திருக்கும் தொழிலாளி தெருவில் கட்டினால் குற்றம். அதே பழைய இரட்டை அளவுகோல், புதிய வடிவத்தில்.

கடைசியில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு இறங்கி வந்தது. 1961 மே முதல் உரிமம் பெற்ற பந்தயக் கடைகள் திறந்தன. பப்பில் டாமினோ, கிரிப்பேஜ் என்ற சீட்டாட்டம் இரண்டையும் சிறு தொகை வைத்து ஆட அனுமதி கிடைத்தது. வயதானவர்கள் மாலை நேரத்தில் ஆடும் ஆட்டங்கள் இவை. அவர்களைக் குற்றவாளியாக்குவதில் பயனில்லை என்று சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் குடியையும் பெரிய சூதையும் ஒரே கூரைக்குக் கீழே விடவில்லை.

இன்று நடப்பில் இருப்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். 2007 செப்டம்பர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இதில்தான் நம் முதல் கேள்விக்கு விடை. மது உரிமம் உள்ள பப், உள்ளாட்சிக்குத் தகவல் தெரிவித்துக் கட்டணம் கட்டினாலே குறைந்த தொகை எந்திரங்கள் இரண்டு வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமானால் தனி அனுமதி கேட்க வேண்டும். போக்கர் ஆடலாம்; ஆனால் ஓர் ஆட்டத்துக்கு ஒருவர் 5 பவுண்டுக்கு மேல் வைக்கக் கூடாது, அந்த பப்பில் ஒரு நாள் மொத்தம் 100 பவுண்டைத் தாண்டக் கூடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஆடக் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமான விதி ஒன்று உண்டு. இப்படி ஆடப்படும் ஆட்டங்களில் பப்காரர் நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது, வென்ற பணத்தில் பங்கும் எடுக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியில்தான் இத்தனை ஆண்டு அனுபவத்தின் சாரம் இருக்கிறது. ஆடுகிற நாலு பேரில் யார் ஜெயித்தாலும் தோற்றாலும் பணம் அந்த நாலு பேருக்குள்ளேயே சுற்றும். இடம் கொடுத்தவருக்கும் பங்கு என்று வந்துவிட்டால், ஆட்டம் நிற்காமல் நடப்பதும் ஆடுகிறவர் இன்னும் ஒரு கிளாஸ் குடிப்பதும் அவருக்கு லாபம். குடித்தவனுக்குத் தோல்வியின் கணக்கு தெரியாது. தடுக்க வேண்டிய ஒரே ஆள், தூண்டிவிடுகிற ஆளாக மாறிவிடுவார்.

நம் ஊருக்கு வந்த கிளை

ஆங்கிலேயர் 1867-இல் இந்தியாவில் கொண்டுவந்த பொதுச் சூதாட்டச் சட்டமும், சென்னை மாகாணத்தின் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமும் இதே சிந்தனையின் பிள்ளைகள். 'பொதுச் சூதாட்ட இல்லம்' எது என்பதற்கு அவை சொல்லும் அடையாளத்தில், இடத்தை நடத்துபவர் லாபம் பார்க்கிறாரா என்பது முக்கியமான கேள்வி. திறமை ஆட்டத்துக்கு விலக்கும் அப்படியே வந்தது.

1967-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு ரம்மி வழக்கு போனது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் உறுப்பினர்கள் பணம் வைத்து ரம்மி ஆடினார்கள் என்று காவல்துறை வழக்கு. ரம்மியில் சீட்டு விழுவது அதிர்ஷ்டம் என்றாலும், எதை எடுப்பது, எதைப் போடுவது என்பதில் நினைவாற்றலும் திறமையும் தான் மேலோங்கி நிற்கின்றன என்றது நீதிமன்றம். உறுப்பினர்களுக்கு வசதி செய்து கொடுக்கக் கிளப் வாங்கும் சிறு கட்டணம் தவறில்லை என்றும் சொன்னது. ஆனால் ஆட்டத்திலிருந்தே கிளப் லாபமோ பங்கோ எடுத்தால் நிலைமை வேறு என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. பார்த்தீர்களா, மறுபடியும் அதே கேள்வி. யார் ஆடினார்கள் என்பதை விட, இடத்துக்காரருக்கு என்ன கிடைத்தது?

கல்லா இல்லாத கடை

இப்போது சூது கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகளை நாம் எல்லாரும் படித்தோம். நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2022-இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியது. அதைத் தொடர்ந்து வந்த விதிகளில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் இரவு 12 முதல் காலை 5 மணி வரை கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 1845-ஆம் ஆண்டு பில்லியர்ட்ஸ் விதி நினைவுக்கு வருகிறதா? நூற்று எண்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு அரசுகள் ஒரே உண்மையைக் கண்டிருக்கின்றன. நடுராத்திரியில் தோற்றவன் விட்டதைப் பிடிக்கத்தான் பார்ப்பான். அதன் பிறகு 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே நாடு முழுதும் தடை செய்தது.

பழைய சட்டங்களுக்கு ஒரு வசதி இருந்தது. கல்லாவில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அவருக்கு உங்களைத் தெரியும். 'போதும் தம்பி, வீட்டுக்குப் போ' என்று சொல்ல அவருக்கு உரிமம் என்ற காரணமும் இருந்தது. அவர் சொல்லாவிட்டால் அபராதம் அவருக்கு. படுக்கையறையில், கையில் கிளாஸும் கைப்பேசியுமாக உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே அப்படி யாரும் இல்லை. அந்தச் செயலிக்காரர் கல்லாவில் இருக்கும் ஆள் அல்ல. பங்கு எடுக்கும் ஆள்.

ஆகவே, பண்டிகை நாளில் நம் கிளப் ஹவுஸில் சீட்டுக்கட்டு வெளியே வரும்போது பெரிதாகப் பதற வேண்டியதில்லை. அங்கே நாலு பேர் பார்க்க ஆடுகிறார்கள். யாரும் பங்கு எடுப்பதில்லை. பத்து மணிக்கு காவலாளி வந்து விளக்கை அணைப்பார். கதவு மூடிய அறைக்குள், சத்தமில்லாமல் ஆடப்படும் ஆட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும். 1552-இல் இரண்டு அமைதி நீதிபதிகள் ஒரு மதுக்கடைக்காரரிடம் ஜாமீன் வாங்கிக் கொடுத்த அந்தப் பொறுப்பு, இன்று ஒவ்வொரு வீட்டிலும் பக்கத்து அறையில் இருப்பவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவருக்கு உரிமம் இல்லை, அபராதமும் இல்லை. 'இன்னும் தூங்கலையா?' என்று கதவைத் தட்டிக் கேட்கும் உரிமை மட்டும் இருக்கிறது.